தாடியும் கத்தியும்

யூதர்களின் வேதமாகிய தோராவில், லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் 27-ஆம் வசனம், ஆண்கள் தாடியின் ஓரங்களை அழிக்கக்கூடாது என்கிறது. ஏன் என்று அவ்வசனம் சொல்லவில்லை. பிற்காலத்துத் தல்மூத் பண்டிதர்களோ, சவரக்கத்திதான் குற்றம், கத்தரிக்கோல் குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். மின்சாரச் சவர இயந்திரம் வந்தபோது, அதுவும் கத்தரிக்கோல் போலவே வெட்டுகிறதென்று அனுமதித்த ரப்பிகளும் உண்டு. மறுத்த ரப்பிகளும் உண்டு. போகிற மயிர் ஒன்றுதான்; போகிற வழியில்தான் பாவமாம்!

எகிப்தில் வைத்தியராயிருந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் (1138–1204) இதற்குக் காரணம் தேடினார். அப்படிச் சிரைத்துக்கொள்வது விக்கிரக ஆராதனைப் பூசாரிகளின் வழக்கம், ஆகவே தடுக்கப்பட்டது என்றார். சரி, அந்தப் பூசாரிகள் இன்று எங்கே? காரணம் செத்துவிட்டது, கட்டளை மட்டும் சாகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கிளம்பிய சீர்திருத்த யூத மார்க்கத்தார் இதைக் கட்டாயமாகக் கொள்வதில்லை. அதனால் அவர்களுக்கு என்ன குடி முழுகிப் போயிற்று?

யூதர்களைப் பழிக்க நாம் இதைச் சொல்லவில்லை. தாடி வைப்பதும் எடுப்பதும் அவரவர் இஷ்டம். ஆனால், "ஏன்?" என்று கேட்பதே பாவம் என்றால், அதை மட்டும் நாம் ஒப்ப மாட்டோம்.