வினையும் சோறும்: வடலூர்த் தருமச்சாலையின் அடிப்படை

    

1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த அடுப்பை எந்தக் கொள்கை மூட்டியது என்பதில்தான் எனக்கும் என் துறை நண்பர்கள் பலருக்கும் நெடுங்காலமாக வழக்கு இருக்கிறது. கருத்தரங்குகளில் பத்து நிமிடக் கட்டுரைகளாகவும் கேள்வி நேரத்து வாக்குவாதமாகவும் நடந்த அந்த வழக்கை இன்று முழுதாகப் பேச இடம் கிடைத்திருக்கிறது.

நண்பர்கள் சொல்வது இது: ‘ஏழையின் பசி அவன் முன்வினை என்றது பழைய சமயம். வள்ளலார் அந்த வினைக் கோட்பாட்டைக் கைவிட்டார். கைவிட்டதால்தான் சாதி பாராமல் சோறு போட முடிந்தது. ஆகவே தருமச்சாலை ஒரு சமூகச் சீர்திருத்தம். அதன் மேல் கிடக்கும் சமயத்தை எடுத்துவிட்டாலும் அது நிற்கும்.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வள்ளலாரின் உரைநடை நூலான ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ இதற்கு இடம் தரவில்லை. அவர் வினையை எங்கும் மறுக்கவில்லை. பசித்தவர் முன்வினையால் பசிக்கிறார் என்பதை ஒப்புக்கொண்டு, அதே கோட்பாட்டுக்குள் நின்றுகொண்டு, சோறு போடுவதைக் கடமையாக்கினார். அவர் பறித்தது ஒன்றுதான்: பசித்தவர்மேல் தீர்ப்புச் சொல்லும் உரிமையை மனிதரிடமிருந்து பறித்தார்.

இதற்கான சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. தம்மை எதிர்ப்பவர் கேட்கக்கூடிய கேள்வியை அவரே எழுப்புகிறார். முன் பிறப்பில் கடவுள் கட்டளையை மீறியவர்கள்தாம் இப்பிறப்பில் பசியால் வருந்துகிறார்கள் என்றால், அவர்களுக்கு உணவு கொடுப்பது கடவுள் விதித்த தண்டனையைக் குலைப்பதாகாதா? இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் தப்பியோடிய தருமவான்கள் பலர். வள்ளலார் தப்பவில்லை; ஓர் அரசனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

அந்த அரசனிடம் இருவகைக் குற்றவாளிகள். முதல்வகையார் கொடுங்குற்றம் செய்தவர்கள், சிறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டே உணவு கொடுப்பிக்கிறான். நரகத்தில் கிடப்பவர்க்குக் கடவுள் செய்வதும் இதுவே என்கிறார் அடிகள். இரண்டாம் வகையார் சிறு குற்றத்துக்காக உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு நல்லறிவு வரவேண்டும் என்பதற்காகவே அரசன் வெளியே அனுப்புகிறான். வேலையும் சுகபோசனமும் இழந்து, ஊர்ப்புறங்களில் அலைந்து, உணவின்றி அவர்கள் வருந்தும்போது தயவுள்ள சமுசாரிகள், அதாவது இல்லறத்தார், கண்டு சோறு போடுகிறார்கள். பிறகு இது அரசன் காதுக்கு எட்டுகிறது. அவன் என்ன செய்வான்? சோறு போட்டவர்களை நல்லவர்கள் என்று மகிழ்ந்து உபசரிப்பானே தவிரக் கோபிக்கமாட்டான். கடவுளும் அப்படியே.

இந்த உவமையை மேற்கோளாகக் காட்டுவோர் பலர்; அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தவர் குறைவு. முதலில், குற்றவாளி கடைசிவரை குற்றவாளியாகவே இருக்கிறான். அவன் நிரபராதி என்று அடிகள் வாதாடவே இல்லை. வினையை மறுத்திருந்தால் இந்த உவமைக்கே தேவை இல்லை. அடுத்து, தண்டித்தவன் யாரோ அவனே சிறையில் முதல் சோறு போடுகிறவன். தண்டனைக்குள் பட்டினி அடங்காது என்று அரசனே காட்டிவிட்டான். வெளியே சோறு போடும் சமுசாரி அரசனுக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. அரசன் சிறைக்குள் செய்வதை அவன் தெருவில் செய்கிறான். சமுசாரிக்கு அலைபவனின் குற்றம் தெரியுமா, தெரியாதா? உவமை இதைச் சொல்லவே இல்லை. சொல்லத் தேவையும் இல்லை, ஏனெனில் விசாரணை அவன் வேலை அன்று.

இன்னொன்றையும் இங்கே சேர்க்கவேண்டும். நீக்கப்பட்டவன் வெளியே அனுப்பப்பட்டது நல்லறிவு பெறுவதற்காக. இதே நூலில் வேறிடத்தில், பசி வந்தவனுக்கு என்ன நேர்கிறது என்று அடிகள் நீளமாக எழுதுகிறார்: அறிவு மயங்குகிறது, நினைவு தடுமாறுகிறது, மனம் தளர்கிறது, கண் பஞ்சடைகிறது, கடவுள் விளக்கம் உள்ளே மறைகிறது. பசியைப் பற்றித் தமிழ் உரைநடையில் இவ்வளவு நுட்பமான விவரிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தண்டனையின் நோக்கம் அறிவு. பசி அழிப்பதும் அந்த அறிவையே. அப்படியானால் பட்டினி கிடக்கவிடுகிறவன்தான் கடவுளின் நோக்கத்தைக் கெடுக்கிறான். சோறு போடுகிறவன் அதைக் காக்கிறான். வினைக் கோட்பாட்டை எடுத்துவிட்டால் இந்த வாதம் விழுந்துவிடும். சமயத்தை எடுத்தாலும் தருமச்சாலை நிற்கும் என்ற நண்பர்கள் இதற்கு இதுவரை மறுமொழி தரவில்லை.

இந்தக் கொள்கையிலிருந்துதான் அவர் விதி பிறக்கிறது. பசித்தவரின் நாடு, சமயம், சாதி ஆகியவற்றோடு, அவருடைய நடத்தையையும் விசாரிக்கக்கூடாது. முதல் மூன்றையும் எல்லோரும் மேடையில் சொல்கிறோம், நான்காவதைச் சொல்வதில்லை. நான்காவதுதான் கடினமானது. குடிகாரனுக்கும் சோம்பேறிக்கும் எதற்குச் சோறு என்ற கேள்வி எந்த அன்னதானக் கூடத்திலும் எழுவது. வள்ளலாரிடம் இதற்கு ஒரு கடுஞ்சோதனையும் உண்டு. அவருக்குக் கொலையும் புலாலும் பெருங்குற்றம். அவற்றை விடாதவரைப் புற இனத்தார் என்று தள்ளியே வைத்தார். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அப்படித் தள்ளியவர்க்கும் பசி நீக்குவதைத் தடுக்கவில்லை. தாம் மிக வெறுத்த குற்றத்தின் முன்னும் அவர் விதி வளையவில்லை.

அக்காலத்து அரசு என்ன செய்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். சும்மா இருப்பவன் அரசுச் சோற்றில் வாழ்ந்துவிடுவானோ என்ற அச்சம் அந்த ஆட்சிக்கு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இந்த அளவு உயிர்காக்காது என்று எதிர்த்தார். பஞ்சத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அடுப்பு மூட்டிய வடலூரில் தகுதி பார்க்கும் கேள்விக்கே இடமில்லை. ஆகவே தருமச்சாலையை வெறும் பஞ்ச நிவாரணம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

உயிரிரக்கமான ஜீவகாருண்யத்தால் நோய் நீங்கும், குடும்பம் தழைக்கும் என்று அடிகள் பயன்களை அடுக்குகிறாரே, இது புண்ணிய வாணிபம் அல்லவா என்பது இன்னொரு தடை. பயன்கள் சமுசாரிகளுக்குச் சொன்னவை. நூலின் மையம் அதுவன்று: பசி நீங்கியவர் முகத்தில் விளங்கும் இன்பம் கடவுள் இன்பம், அதைக் காண்பதே வழிபாடு. இதை விரித்துச் சொல்ல இன்று நேரமில்லை.

ஒப்பீட்டுக்கு உரியவை பல. மணிமேகலையின் 19ஆம் காதையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. வள்ளலாரின் சிறை உவமைக்கு முன் அதை வைத்து ஆராயவேண்டும். வள்ளலாரின் பாடல்கள் அருட்பா ஆகுமா என்ற வழக்கில் அவரோடு மோதிய ஆறுமுக நாவலர், அதே பஞ்சக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். நூலில் பகைத்த இருவரும் அடுப்பில் எங்கே ஒன்றுபட்டார்கள், எங்கே பிரிந்தார்கள்? சீக்கியர்களின் லங்கரில் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் முறை, கிறித்தவத் துறவியர் மடங்களின் வாசல் உணவு, இசுலாமியரின் ஜகாத் ஆகியவற்றிலும் பெறுபவரின் தகுதி பற்றிய விதிகளைத் தேடிப் பார்க்கலாம்.

இளைய ஆய்வாளர்களுக்குச் சில பணிகள். தம் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார்க்கு அடிகள் எழுதிய கடிதங்களைத் தருமச்சாலை வரலாற்றோடு சேர்த்துப் படியுங்கள். பார்வதிபுரத்து நிலக்கொடையின் ஆவணங்களைத் தனியாக ஆராயுங்கள். திருவருட்பாவின் ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பையும் ஊரன் அடிகள் பதிப்பையும் உரைநடைப் பகுதிக்கு வரிவரியாக ஒப்பிடுங்கள். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ முற்றுப்பெறாத நூல். அது எந்த இடத்தில், எந்த வாதத்தில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். என்னை மறுக்க விரும்பும் நண்பர்களும் அங்கிருந்தே தொடங்கட்டும். வள்ளலார் பாடல்களிலிருந்து இரண்டு அடிகளை எடுத்துவைத்துக்கொண்டு இந்த வழக்கை இனி யாரும் பேசவேண்டாம்.