ஈரோட்டு இராமானுசனின் மிகுபகு எண்

(கோவையில் ஆற்றிய சொற்பொழிவு)



கணக்கைத் தமிழில் கற்பிக்க இயலாது என்பார் இக்கொங்கு மண்ணிலும் இன்னும் உளர். கூட்டலும் கழித்தலும் தமிழுக்கு ஆகுமாம். உயர்ந்த எண்ணியல் மட்டும் ஆங்கிலத்தில்தான் நுழையுமாம்! அவர்கட்கு விடையை, இம்மண்ணிற் பிறந்தவர் ஆய்ந்த ஓர் எண்ணே தரும்.

1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்த இராமானுசன், 1915இல் இலண்டன் கணக்கியல் கழக வெளியீட்டில் நீண்டதோர் ஆய்வுரை வரைந்தார். 1916இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது அவ்வாய்வுக்கே. அதன் பொருளைப் பொள்ளாச்சித் தேங்காயைக் கொண்டே விளக்கிவிடலாம். பத்துத் தேங்காயை மீதியின்றி 1, 2, 5, 10 பேர்க்கே பங்கிடலாம்; வகுஎண் நான்கு. பன்னிரண்டையோ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகையாகப் பங்கிடலாம். அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு வகுஎண் இல்லை. இங்ஙனம் தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் வகுஎண் தொகையால் வெல்லும் எண்ணை 'மிகுபகு எண்' எனலாம். 24, 36, 48, 60 அவ்வினத்தன. நம் முன்னோர் நாளொன்றை அறுபது நாழிகையாகப் பகுத்தது பங்கீட்டுக்கு எத்துணை வாய்ப்பு, பாருங்கள்!

இராமானுசன் பட்டியலின் இறுதியெண் 6746328388800. ஆறு நூறாயிரத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று நூறாயிரத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. தமிழுக்கு மூச்சுத் திணறிற்றா? ஐ, அம், பல் என முடியும் பேரெண்களின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியரே நெறி வகுத்த மொழி இது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என அவற்றை உரையாசிரியர்கள் காட்டினர்.

இவ்வெண்ணைப் பகா எண்களாக உடைத்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். இடையில் ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. முறைகளும் ஏறுவதே இல்லை. சிறிய பகா எண்ணை விட்டுப் பெரியதை எடுத்தால் எண் வீணே பருக்குமன்றி வகுஎண் பெருகாது. இறுதிப் பகா எண் ஒரு முறையே வரும், 4, 36 இரண்டே விலக்கு என்பதையும் அவர் நிறுவினார். இனி வகுஎண்ணை எண்ணுவோம். 2ஐ ஒருமுறையும் கொள்ளாதது முதல் ஆறு முறை கொள்வது வரை ஏழு வகை, 3க்கு ஐந்து, 5, 7க்கு மும்மூன்று, எஞ்சிய ஐந்துக்கும் இவ்விரண்டு. அனைத்தையும் பெருக்கினால் 10080. 'பகா எண்' என்னும் சொல்லே தன் பொருளைத் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது; 'பிரைம்' என்றால் அதற்கு என்ன விளங்கும்?

நாமக்கல் தாயார் கனவில் வந்து சொன்ன கணக்கு என்பாரும் உண்டு. ஆனால் அப்பட்டியலில் மிகுபகு எண் ஒன்று விடுபட்டுள்ளது: 293318625600, வகுஎண் 5040. தாயார் சொல்லியிருந்தால் ஒன்றை மறந்திருப்பாரோ? மாந்தன் ஒருவன் கைக்கணக்காய் உழைத்த உழைப்பு அது. ஆகவேதான் ஒன்று தவறிற்று. அவ்வெண்ணை 23ஆற் பெருக்கினால் பட்டியலின் இறுதியெண்ணே வந்து நிற்கும். பன்னிரண்டு தேங்காயைப் பங்கிடத் தெரிந்த பிள்ளை, பலகையிற் போட்டுப் பார்க்கட்டும்.