கேட்கத் தெரிந்தால் கிடைக்கும்

(நமது டிரஸ்டின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

உதவித்தொகை பெறும் பிள்ளைகளை வாழ்த்துகிறோம். அத்துடன், நிர்வாகம் செய்த ஒரு தவறையும் இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாலிடெக்னிக், பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டு ப்ராஜெக்ட் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை கொடுத்து வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு மாணவர் சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பார்க்க அழகாக இருந்தது. நம் உறுப்பினர்களில் ஒருவர் நாற்பது வருடம் லேத் பட்டறையில் உழைத்தவர். அவர், “தம்பி, இந்தத் தண்டு என்ன சைஸ்? பேரிங் என்ன நம்பர்?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. ரெடிமேடாக ப்ராஜெக்ட் செய்து விற்கும் கடையில் வாங்கிய பொருள் அது. உங்கள் நன்கொடையிலிருந்துதான் அதற்குப் பணம் போனது.

கோபப்படுவதற்கு முன்னால் காரணத்தைக் கேட்டோம். அந்த மாணவர் சொன்ன பதிலை நாம் மறக்கவில்லை. “படம் வரைந்து வைத்திருந்தேன் பாய். எந்தக் கடைக்குப் போவது, என்ன பேர் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. இரண்டு கடையில் திட்டி அனுப்பிவிட்டார்கள்.”

பிள்ளைக்குத் தேவைப்பட்டது வழி. நாம் கொடுத்தது காசு. தவறு நம்முடையது. ஆகவே அந்த வழியைப் பற்றி இன்று கொஞ்சம் பேசுவோம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு எதுவும் தூரமில்லை. மோட்டார், சிறு பல்சக்கரம், பித்தளை ஸ்பேசர் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு ரிச்சி தெரு. கார், பைக்கில் கழற்றிய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. புது போல்ட், நட், பேரிங் வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கத்து ஹார்ட்வேர் கடைகள். வெளியூர்ப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம். சைக்கிள் கடை, தையல் மெஷின் பழுது பார்ப்பவர், மோட்டார் காயில் கட்டுபவர், காயலான் கடை, இவை இல்லாத ஊர் ஏது? காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய இரும்பு வியாபாரம் நம் மக்களுக்குப் புதிதல்ல.

எங்கே போவது என்பதைவிட எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கியம். கல்லூரியில் மில்லிமீட்டரில் படிக்கிறீர்கள். கடையில் பெரியவர் “ரெண்டு நூலா, மூணு நூலா?” என்பார். எட்டு நூல் ஒரு இஞ்ச். ஆக இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் போல்ட்டும் அதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மரை வேறு. ஒன்றின் நட்டை மற்றதில் முறுக்கினால் மரை அழிந்துவிடும். தையல் மெஷின் ஸ்க்ரூவின் மரை தனி ரகம், சாதாரண நட் அதில் ஏறாது.

பேரிங்கின் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள், நம்பர் பொறித்திருக்கும். சாதாரண மின்விசிறியில் பெரும்பாலும் 6201, 6202 என்று இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவைச் சொல்கிறது. 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். 6204 என்றால் 20. ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608-க்குத் துளை 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். இவ்வளவு தெரிந்து கடைக்குப் போகும் பிள்ளையை யாரும் திட்டி அனுப்ப மாட்டார்கள்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதும் இல்லை. கெட்டுப்போன பிரிண்டருக்குள் மெருகேற்றிய எஃகுத் தண்டு, ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாம் இருக்கின்றன. சைக்கிள் ஸ்போக் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி. எலெக்ட்ரிக் கனெக்டரின் பிளாஸ்டிக்கை உரித்தால் இரண்டு ஸ்க்ரூ வைத்த பித்தளைக் குழல் கிடைக்கும். சின்ன மோட்டாரின் தண்டை இன்னொரு தண்டோடு இணைக்க அது போதும். மெதுவாகவும் வலுவாகவும் சுற்ற வேண்டுமா? பழைய காரின் வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டில் அந்த வேலையைச் செய்யும்.

இனி அந்த மாணவரின் கதைக்கு வருவோம். அவருடைய தாயார் வீட்டில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். தினமும் அச்சை அழுத்தி அழுத்தி மணிக்கட்டில் வலி. கடையில் விற்கும் திருகு அச்சு சிறியது, வியாபாரத்துக்குக் காணாது. “அம்மாவுக்குப் பெரிய அச்சு செய்கிறேன், ஒரு வாய்ப்புக் கொடுங்கள்” என்று மகன் மறுபடி வந்தார். இந்த முறை பணத்துக்கு முன்னால், லேத் பெரியவரை அவரோடு அனுப்பினோம்.

புதுப்பேட்டையில் காருக்கு முட்டுக் கொடுக்கும் பழைய ஜாக்கி ஒன்று கிடைத்தது. அதன் திருகுத் தண்டையும் நட்டையும் எடுத்து, ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் பொருத்தினார்கள். மாவு படும் இடத்தில் தாயாரின் பழைய பித்தளை அச்சே இருந்தது. கைப்பிடியைச் சுற்றியதும் தண்டு இறங்கியது. ஆனால் தண்டு சுற்றியபோது அழுத்தும் பாகமும் சேர்ந்து சுற்றியது. முறுக்கு பிய்ந்து பிய்ந்து விழுந்தது. என்னென்னவோ செய்து பார்த்து ஒரு வாரம் போனது.

வழி சொன்னவர் தெருமுனை சைக்கிள் கடைக்காரர். பின்சக்கரத்தில் போடும் இரண்டு நூல் பால்ரஸ் ஒன்றே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “தண்டின் முனையிலும் அழுத்துகிற பாகத்தின் தலையிலும் ஒரு சின்னக் குழி போடு. நடுவில் இதை வை” என்றார். லேத்தில் குழி போட்டார்கள். மேலே தண்டு சுற்றியது, கீழே பாகம் சுற்றாமல் நேராக இறங்கியது. கிரீஸ் மாவில் சிந்தாதபடி தகட்டில் ஒரு மூடியும் வைத்தார்கள். ஒரு டீ குடிக்கும் காசுகூட ஆகாத பால்ரஸ்! அந்தத் தாயார் இப்போது அதில்தான் முறுக்குப் பிழிகிறார், அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தண்டின் சைஸ் என்ன என்று இன்று யார் கேட்டாலும் மகன் தலை குனிய மாட்டார்.

பட்டறைக்குப் போகும்போது வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். காகிதத்தில் படம் வரைந்து நீளம், விட்டம், துளை மூன்றையும் எழுதுங்கள். எதோடு சேர வேண்டுமோ அந்தப் பாகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அல்-ஜஸரீ தம்முடைய இயந்திரங்களைப் பற்றிய நூலை 1206-ல் எழுதி முடித்தார். பாகங்களின் அளவு, உலோகம், இணைக்கும் விதம் எல்லாவற்றையும் விவரித்திருந்தார். அதனால்தான் அவருடைய யானைக் கடிகாரத்தை நம் காலத்திலும் திரும்பச் செய்து பார்க்க முடிந்திருக்கிறது.

எச்சரிக்கையாக இரண்டு சொல்கிறோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வந்த வழி தெரியாத பொருளை வாங்காதீர்கள். சாக்கடை மூடி, தெருவிளக்குக் கம்பி, தண்டவாளக் கிளிப் போன்றவை பொதுச்சொத்து. ரயில்வே பொருளை முறையின்றி வைத்திருப்பதற்கென்றே 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. திருட்டுப் பொருளில் செய்த கண்டுபிடிப்பில் பரக்கத் எங்கிருந்து வரும்? கடைக்காரரிடம் பில் கேளுங்கள். இரண்டாவது, மைக்ரோவேவ் அடுப்பைப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கலாம். கார் ஷாக் அப்சார்பரை அறுக்காதீர்கள். எதை அறுத்தாலும் கண்ணாடி அணியுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை பழைய இரும்பை வீட்டுக்குள் கொண்டுவந்தால் குப்பை என்று உடனே வீசிவிடாதீர்கள். ஒரு டப்பா கொடுத்து, பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு முதல் ரெடிமேட் ப்ராஜெக்டுக்கு உதவி கிடையாது. பிள்ளை தன் கையால் வரைந்த படமும் பாகங்களின் பட்டியலும் கொண்டுவந்தால், கடை பில், லேத் கூலி இரண்டையும் டிரஸ்ட் தரும். அலுவலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டில் ஓடாத மின்விசிறி, பிரிண்டர், தையல் மெஷின் இருந்தால் அதற்குத் தாருங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு லேத் பெரியவர் அங்கே இருப்பார். வெர்னியர் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு அவர் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லித் தருவார். எந்தச் சமுதாயத்துப் பிள்ளையும் வரலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு இதே மேடையில் நாம் கேள்வி கேட்போம். பிள்ளைகள் நிமிர்ந்து நின்று அளவு சொல்ல வேண்டும். வஸ்ஸலாம்.