தேன்துளியும் கலங்கரை விளக்கமும்



இடக்கொச்சியில் நம் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி பொறியியல் பட்டம் பெற்று, நான்காண்டுகளாக ஓர் அலுவலகத்தில் பணி செய்து வருபவள். பிரான்சு நாட்டின் எகோல் பாலிடெக்னிக்கில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். ‘எகோல்’ என்றால் பள்ளி என்று, மொழிபெயர்ப்பாளர் என்ற உரிமையில், அவள் பாட்டியாரிடம் கூறிவிட்டோம். “பட்டம் வாங்கியவளுக்கு மறுபடியும் பள்ளிக்கூடமா?” என்றார் அம்மூதாட்டி.

1794-இல், புரட்சிக் காலத்தில் தோன்றியது அது. நெப்போலியன் 1804-இல் அதனை இராணுவ அமைப்பாக்கினார். பள்ளியிறுதிக்குப் பின் ஈராண்டு கடும் பயிற்சி, அதன்பின் போட்டிப் பரீட்சை. பிரெஞ்சு மாணவர் பெரும்பாலோர் நுழைவது அவ்வழியே. பெண்களுக்குக் கதவு திறந்தது 1972-இல்தான். 1976-இல் பாரிசை விட்டுப் பலேசோவுக்குக் குடிபெயர்ந்தது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் அயல்நாட்டுப் பட்டதாரிகள் தனியே விண்ணப்பிக்கலாம். லேசர் ஆய்வுக்காக 2018-இல் நோபெல் பரிசு பெற்ற ஜெரார் மூரூ அங்கே பணியாற்றியவர்.

“இத்தனை ஆண்டுகள் கடந்தபின் ஆராய்ச்சி கைகூடுமா?” என்பதே அப்பெண்ணின் கலக்கம். அவளுக்கு நாம் பிரெனெலின் கதையைச் சொன்னோம்.

பிரெனெல் பதினாறாம் வயதில் அங்கே சேர்ந்தவர். பின்னர்ப் பல்லாண்டுகள் சாலை போடும் பொறியாளர், விருப்பமற்ற வேலை. 1815-இல் நெப்போலியனின் மீள்வருகையை எதிர்த்தமையால் பதவி போயிற்று. தாயார் வாழ்ந்த நார்மண்டிச் சிற்றூருக்குச் சென்றார். ஆய்வுக்கூடம் ஏது? கிராமத்துப் பூட்டுத் தச்சன் அளவுக் கருவி செய்து கொடுத்தான், தேன்துளியே வில்லையாயிற்று! ஒளி அலையாகச் செல்வதென்று அங்கே ஆராயத் தொடங்கினார். அப்போது வயது இருபத்தேழு.

அக்கொள்கையைப் பாரிசின் அறிவியற் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். நடுவருள் ஒருவரான புவாசோன், அதே கலாசாலையில் பயின்றவர், “இது மெய்யானால் வட்டத் தகட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்ற வேண்டுமே!” என மறுத்தார். அங்கே பயின்ற இன்னொரு நடுவர் அராகோ சோதித்துப் பார்த்தார். புள்ளி தோன்றியது! 1819-இல் பரிசு கிடைத்தது. பிரெனெல் வகுத்த வளைய வில்லை 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஒளிர்ந்தது. முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

புதுவைப்பின் கலங்கரை விளக்கத்தை இரவில் காணும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவு வரும். அப்பெண்ணின் விண்ணப்பம் சென்ற வாரம் புறப்பட்டுவிட்டது. பாட்டியாரிடம் ‘பள்ளி’யைத் திருத்திக் ‘கலாசாலை’ என்று சொல்லியிருக்கிறோம்.