புகழ் பெற்றோர் பேச்சும் பொதுமக்கள் பொறுமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம் மகாசபையில் கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். அஃது எமக்கு எளிய காரியமே. இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் அதனையே பேசி வருகின்றோம். ஆயினும், நாளைக் காலை இச்சபையின் முன் வரவிருக்கும் ஒரு தீர்மானம் எம் உள்ளத்தை வருத்துகின்றது. நம் குலத்திற் பிறந்து, இசையரங்குகளிற் பெயர் பெற்ற இளைஞர் ஒருவர், சென்ற தேர்தற் காலத்தில் ஒரு பொதுக்கூட்ட மேடையில் ஏறி, நம்மிற் பலர்க்கு உடன்பாடில்லாத கருத்துக்களைக் கூறினார். அதன் பொருட்டு அவர் பெயரைச் சங்க அட்டவணையினின்றும் நீக்கல் வேண்டும் என்பதே அத்தீர்மானம். அவர் கருத்து எமக்கும் உடன்பாடன்று. இதனை முதற்கண் சொல்லிவிட்டே மேற்செல்கின்றோம். தம்மோடு உடன்பட்டார்க்குப் பரிந்து பேசுதல் யார்க்கும் எளிதன்றோ?

"பாடுகிறவன் பாடட்டும், அரசியல் அவனுக்கு எதற்கு?" எனச் சிலர் வினவுகின்றனர். பாடுவோர் அரசர்க்கு அறிவு கூறுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. மலையமானுடைய சிறு மக்களை யானைக்காலில் இடுவிக்கக் கிள்ளிவளவன் துணிந்தபோது, கோவூர்கிழார் இடைப்புகுந்து பாடி அவர்களை உய்வித்த செய்தி புறநானூற்றால் அறியக் கிடக்கின்றது. அரசியல் புலவர்க்கு உரியதன்று எனக் கருதி அவர் வாளா இருந்திருப்பின், அப்பிள்ளைகளின் கதி என்னாம்?

நிற்க. புகழுடையார் கூறுவதெல்லாம் மெய்யெனக் கொள்ளுதலும் பிழையேயாம். குரலின் இனிமையைக் கொண்டு அறிவை அளத்தல் கூடாது. இவ்விரு திறத்தையும் ஒருங்கே விளக்கவல்ல வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது.

1898ஆம் ஆண்டில் நியூ ஜெர்ஸி மாகாணத்துப் பிரின்ஸ்டன் நகரிற் பிறந்தவர் பால் ராப்சன் என்னும் கறுப்பினப் பெரியார். அவர் தந்தையார் அடிமையாய்ப் பிறந்து, தப்பியோடி, பின்னர்க் கிறிஸ்தவ மதபோதகரானவர். மைந்தரோ கால்பந்தாட்டத்திற் புகழ் பெற்று, கொலம்பியா சர்வகலாசாலையிற் சட்டம் பயின்று தேறி, முடிவில் இசையையும் நாடகத்தையுமே தம் தொழிலாகக் கொண்டனர். 1943ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் அவர் கதாநாயகராக நடித்த ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் 296 முறை ஆடப்பெற்றது.

அத்துணைப் புகழுடையார் தம் இனத்தார் கும்பல்களாற் கொல்லப்படுவதைக் கண்டித்தனர். இந்தியா முதலிய அடிமை நாடுகளின் விடுதலைக்காகப் பேசினர். சோவியத்து ருஷ்யாவோடு நட்புப் பூணல் வேண்டும் என்றும் வற்புறுத்தினர். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டில் பீக்ஸ்கில் என்னும் ஊரருகே அவர் பாடவிருந்த கச்சேரியைக் கலகக் கூட்டத்தார் நடவாமற் செய்தனர். செப்டம்பர் 4ஆம் தேதி கச்சேரி நடந்தேறியது. ஆனால் கேட்டு வீடு திரும்பியோர் மீது கல்மாரி பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். 1950ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அவருடைய பாஸ்போர்ட்டைச் செல்லாதாக்கினர். உள்நாட்டிலே அரங்குகள் கதவடைத்தன. வெளிநாடு செல்லவோ வழியில்லை. 1952ஆம் ஆண்டில் அவர் கனடா எல்லையில் ஒரு லாரியின் மேல் நின்று பாட, எல்லையின் இருபுறத்தும் பல்லாயிரவர் கூடிக் கேட்டனர். 1957ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலடியே கிடக்கும் தொலைபேசிக் கம்பி வாயிலாக இலண்டன் மக்களுக்குப் பாடினர். ஒருவருடைய கொள்கையையும் தொடர்பையும் காரணங்காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க மந்திரிக்கு அதிகாரமில்லை என்று, ராக்வெல் கென்ட் என்னும் ஓவியர் தொடுத்த வழக்கில், 1958ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மருள் ஐவர் தீர்ப்பளித்தனர். அதன் பின்னரே ராப்சனுக்கும் அது திரும்பக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவருடைய அறுபதாம் பிறந்த நாள் நம் இந்திய நாட்டிலும், நேருவின் ஆதரவோடு, கொண்டாடப்பெற்றது.

இனி, அவர் பிழையையும் மறைத்தல் தகாது. ஸ்டாலின் 1953ஆம் ஆண்டில் இறந்தபோது, அவரைப் போற்றி எழுதினார் ராப்சன். ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளை 1956ஆம் ஆண்டில் குருஷ்சேவே எடுத்துரைத்த பின்னரும், ராப்சன் அவற்றை வெளிப்படக் கண்டித்தாரல்லர். தம் நாட்டிற் பூட்டிய வாய்ப்பூட்டை எதிர்த்துப் போராடியவர், பிறிதொரு நாட்டார் வாயிற் கிடந்த பூட்டைக் குறித்து மௌனமாயிருந்தனர். எனினும், அவரைப் பேசவிடாமை யார்க்கு நலம் தந்தது? அவர் கூறிய பிழையை நேர்நின்று மறுக்கும் வாய்ப்பும் போயிற்று. தம் இனத்தார் படும் துயரைக் குறித்து அவர் கூறிய மெய்யைக் கேட்கும் வாய்ப்பும் போயிற்று. பதரைத் தூற்ற அஞ்சி நெல்லையும் சேர்த்துக் கொளுத்திய உழவன் செயலை ஒத்தது அது.

மற்றொரு நிகழ்ச்சியும் காண்க. 2020ஆம் ஆண்டு வரை டிக்ஸி சிக்ஸ் என வழங்கப்பெற்றது டெக்ஸஸ் மாகாணத்துப் பெண்கள் மூவர் பாடற்குழு. ஈராக்குப் போர் தொடங்கவிருந்த 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இலண்டன் மேடையில் அவருள் ஒருவர், ஜனாதிபதி புஷ் தம் மாகாணத்தவராயிருத்தல் குறித்து வெட்கமுறுவதாகக் கூறினர். உடனே வானொலி நிலையங்கள் பல அவர்கள் பாட்டை நிறுத்தின, இசைத்தட்டுக்கள் நொறுக்கப்பட்டன, கொலை மிரட்டலும் வந்தது. அரசாங்கம் தடையொன்றும் விதிக்கவில்லை. அவர்கள் பேச உரிமையுடையார். தட்டை வாங்காதிருக்க மக்களும் உரிமையுடையார் என்பதே புஷ் கூறியதன் கருத்து. 2007ஆம் ஆண்டில் அக்குழுவினர் கிராமி என்னும் பரிசுகள் ஐந்தினைப் பெற்றனர்.

இவ்விரு வரலாற்றையும் ஒப்ப வைத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். ஒருவர் கூற்றை மறுத்தல் வேறு; அவர் பாட்டைக் கேளாது விலகுதல் வேறு; அவர் வாயையும் பிழைப்பையும் அடைத்தல் வேறு. முதலிரண்டும் நம் உரிமை. மூன்றாவது கொடுமை; அதனை அரசாங்கம் செய்யினும் கும்பல் செய்யினும் கொடுமையே. ஆதலின், ஒலிபெருக்கியின் முன் நின்றே, "எம் வாயை அடைத்துவிட்டனர்" எனப் புகழாளர் முறையிடுங்கால், அடைத்தவர் யார், அடைத்தது எதனை என ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். வசையொன்று கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் ராப்சன் ஆகிவிடார். அவர்கள் முறையீட்டையாவது பத்திரிகைகள் அச்சிடும். ஒரு சொல் சொல்லி அன்றாடக் கூலியை இழந்தவன் முறையீட்டை அச்சிடுவார் யார்?

இவ்வளவுகோலை நாளைய தீர்மானத்தின் மேல் வைத்துப் பார்ப்போமாக. நம் இளைஞரை மேடைதோறும் மறுக்கலாம். அவர் கச்சேரிக்குச் செல்லாதும் இருக்கலாம். ஆயின் பெயரை நீக்குதல் அவ்வளவில் நிற்பதன்று. நம் விதிப்படி, அட்டவணையிற் பெயரில்லாதார் குடும்பத்துக்குச் சங்க விடுதியில் இடமில்லை. அவர் தங்கை அவ்விடுதியில் இருந்து படித்து வருகின்றாள். தமையன் பேசிய பேச்சுக்குத் தங்கையின் படிப்பை நிறுத்துதல் என்ன நியாயம்? ஊர்விலக்கு என்னும் பெயரால், நீரும் நெருப்பும் மறுக்கப்பட்டு, இழவுக்கும் ஆள் வாராது வாடிய குடும்பங்களின் கதையை இங்குள்ள முதியோர் அறிவர். அதனை ஒழித்தோம் என்று நாம் பெருமை பேசுகின்றோமே!

எம் குற்றம் ஒன்றையும் இவ்விடத்துச் சொல்லி முடிப்போம். சில ஆண்டுகட்கு முன், யாம் ஒரு செய்யுட்குப் பொருள் கூறுகையில், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அச்சொல்லுக்கு அது பொருளன்று" என்றான். சினந்து அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தோம். அன்றிரவு நிகண்டை எடுத்துப் பார்த்தபோது, அவன் கூறியதே பொருத்தமாயிருந்தது. மறுநாள் வகுப்பறிய எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். எனினும், அவ்வாண்டு முடியும் வரை அப்பிள்ளை மறுபடி வாய் திறக்கவில்லை. அவனைப் பார்த்திருந்த ஏனைப் பிள்ளைகளும் அப்படியே.

ஆதலின், அத்தீர்மானத்தை விடுத்து, அவ்விளைஞரை இம்மேடைக்கே அழைக்குமாறு வேண்டுகின்றோம். அவர் பேசட்டும், அவரை முதலில் மறுத்துப் பேச யாமே முன்வருகின்றோம். இரு பேச்சும் நம் பத்திரிகையில் அடுத்தடுத்து வெளிவரட்டும். கேட்டும் படித்தும் முடிவு செய்யும் அறிவு நம் மக்களுக்கு உண்டு. நாளைக் காலை கை தூக்குமுன், விடுதியில் விளக்கடியில் இருந்து படிக்கும் அப்பெண்ணை ஒருமுறை நினைந்துகொள்ளுங்கள்.