விருந்தாளியின் முகவரி

(வடகரப்பதியில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அசாமின் திப்ருகரில் இருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ், இந்தியாவில் மிக நீண்ட தூரம் ஓடும் ரயில். ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். கோவையைக் கடந்து அது வாளையார் காட்டுக்குள் நுழையும்போது, புறப்பட்டு மூன்று இரவுகள் கழிந்திருக்கும். ஜார்க்கண்டின் தன்பாத்தில் இருந்து ஆலப்புழா வரை ஓடும் ரயிலும் இதே பாதையில்தான் வருகிறது. பாலக்காடு சந்திப்பில், முன்பதிவில்லாப் பெட்டியில் இருந்து இறங்கும் இளைஞனின் கையில் ஒரு பை, ஒரு கைபேசி, அதில் ஒப்பந்தக்காரரின் எண். அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்த முகவரி அந்த எண் ஒன்றுதான்.

அவன் வந்து சேர்ந்துவிட்டான் என்று ரயில்வே கணக்கு சொல்லும். ஆனால் ஒரு ஊரில் குடியேறுவது என்பது அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அது மாதங்களிலும் ஆண்டுகளிலும் நடக்கிற காரியம். பலருக்கு அது நடந்து முடிவதே இல்லை. ஏன் முடிவதில்லை என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

இந்திய அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு, நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிறந்த இடத்தையோ முன்பு வசித்த இடத்தையோ விட்டு வேறிடத்தில் வாழ்வோர் 45 கோடிக்கும் மேல். பெரும்பகுதியினர் ஒரே மாநிலத்துக்குள் இடம் மாறியவர்கள். மாநில எல்லை கடந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் உரிமைகளை இழப்பதில் அவர்களே முன்னிலையில் நிற்கிறார்கள். கேரளத்தில் இப்படி 25 லட்சம் பேர் இருப்பதாக 2013ஆம் ஆண்டில் குலாத்தி நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவோ ரயில்கள் வந்துவிட்டன.

கஞ்சிக்கோட்டின் உருக்காலைகளில் உலை முன் நிற்பவர் யார் என்று இந்தக் கூட்டத்தில் இருப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம், அசாம். வேலை கிடைத்த அன்று அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு அறை. தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள். வாடகை அறைக்கு அன்றி, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஒரு அறையில் எத்தனை தலைகள் என்பது பகல் ஷிப்டையும் இரவு ஷிப்டையும் பொறுத்தது. ஒருவர் எழுந்து போன பாயில் இன்னொருவர் வந்து படுப்பார். 1872இல் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதத் தொடங்கியபோது ஜெர்மனியின் தொழில் நகரங்களில் கண்டதும் இதுவே: ஆலை ஆட்களை வரவழைக்கும், அவர்கள் எங்கே உறங்குவார்கள் என்ற கேள்வியை மட்டும் அது தன் கணக்கில் சேர்க்காது.

அந்த அறைக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்காது. சிறிய விஷயம் போலத் தோன்றும் இந்த இடத்தில்தான் முடிச்சு விழுகிறது. வாடகை ஒப்பந்தம் இல்லையேல் இருப்பிடச் சான்று இல்லை. இருப்பிடச் சான்று இல்லையேல் ஆதாரில் முகவரி மாறாது. முகவரி மாறாதவரை எரிவாயு இணைப்பு, வாக்காளர் பட்டியல், சில சமயம் வங்கிக் கணக்குகூட, எல்லாம் 2,000 கிலோமீட்டர் அப்பால் இருக்கும் ஊரின் பெயரிலேயே தங்கிவிடுகிறது. ஒப்பந்தம் எழுதித் தராததற்கு வீட்டுக்காரர் சொல்லும் காரணங்கள் பல. கட்டட வரி உயரும் என்பது அதில் முக்கியமானது. ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும், தோழர்களே. அறை வாடகைக்கு விடுவோர் கட்சிக் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். முதலாளி சுரண்டுகிறார் என்று மேடையில் முழங்கும் தோழர், தன் வீட்டுப் பின்கட்டில் குடியிருப்பவருக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறாரா என்பதைக் கிளைக் கூட்டத்தில் கேட்பது தவறாகாது.

மூணாறு தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் இருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற குடும்பங்கள் அங்கே நான்கைந்து தலைமுறைகளாக வாழ்கின்றன. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் அவர்கள். வாழும் இடம் லயம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு தர வேண்டிய கடமையை நிர்வாகத்தின் மீது வைத்தது. அது போராடிப் பெற்ற உரிமைதான். ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆகவே பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்திலேயே பெயர் பதிந்தாக வேண்டும், இல்லையேல் கூரை போய்விடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மாண்டவர்கள் 70 பேர். ஒரே வரிசை வீடுகளில் உறவினர்கள் அடுத்தடுத்து வாழ்ந்ததால் சில குடும்பங்களில் பலர் ஒன்றாக மடிந்தனர். நூறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் ஒரு சென்ட் நிலம் சொந்தமாக இல்லாத குடியேற்றம் எப்படி இருக்கும் என்பதை அந்த மண்சரிவு காட்டியது. கஞ்சிக்கோட்டுத் தகர அறையும் மூணாற்று லயமும் ஒரே பாதையின் இரண்டு நிறுத்தங்கள்.

வடகரப்பதியின் நிலை வேறு. இங்குள்ள தமிழர்கள் நேற்று ரயிலேறி வந்தவர்கள் அல்லர். பழைய கொச்சி அரசின் சித்தூர்ப் பகுதியில் பல தலைமுறைகளாகப் பயிர் செய்தவர்கள். 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறந்தபோது அதன் மொழிச் சிறுபான்மையினர் ஆனவர்கள். வீட்டில் ஒரு மொழி, தாலுகா அலுவலகத்தில் ஒரு மொழி. படிவத்தை யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்கும் அனுபவம் இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருந்தும் அதை நடைமுறைப்படுத்த எத்தனை மனுக்கள், எத்தனை மறியல்கள் தேவைப்படுகின்றன என்பதும் தெரிந்ததே. அந்தச் சட்டம் இந்திக்கோ ஒடியாவுக்கோ பொருந்தாது. எனவே உலைத் தொழிலாளி மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அவர் நிலையைப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்தில் மிகத் தகுதியானவர்கள் எல்லையோரத் தமிழர்களே. வருவோரில் கோவையிலும் திருப்பூரிலும் சில காலம் வேலை செய்து, மலையாளத்துக்கு முன்னால் தமிழைக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

கேரளத்தில் அவரைப் 'பாயி' என்கிறார்கள். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் 'வடக்கன்' என்ற சொல் புழங்குகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் வெறுப்பை விதைப்பது எளிது. 1870 ஏப்ரலில் அமெரிக்காவில் இருந்த இரு தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ் இதைத்தான் அலசினார். இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஆங்கிலத் தொழிலாளியும் ஐரிஷ் தொழிலாளியும் இரண்டு பகை முகாம்களாகப் பிரிந்து கிடந்தனர். ஐரிஷ்காரன் தன் கூலியைக் குறைக்க வந்தவன் என்று ஆங்கிலத் தொழிலாளி வெறுத்தான். பத்திரிகைகளும் பிரசங்க மேடைகளும் அந்தப் பகையை ஊதி வளர்த்தன. அமைப்பு பலமாக இருந்தும் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் வலிமையற்றுப் போனதற்குக் காரணம் இங்கே இருக்கிறது என்பது மார்க்சின் முடிவு.

இந்திய வரலாற்றில் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1966இல் மும்பையில் சிவசேனை தொடங்கப்பட்டபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். மாதுங்காவின் சிற்றுண்டிக் கடைக்காரரும் அலுவலகத் தட்டச்சரும் மராத்தியரின் வேலையைப் பறித்தவர்கள் என்று சித்திரிக்கப்பட்டார்கள். வெறுப்பு அங்கே நிற்கவில்லை. செங்கொடிச் சங்கங்களை ஆலைப் பகுதிகளில் இருந்து அகற்றுவதே உள்நோக்கம் என்பது விரைவில் தெளிவானது. 1970 ஜூன் 5 அன்று பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் வெட்டிக் கொல்லப்பட்டார். 1991இல் காவிரி இடைக்கால உத்தரவை ஒட்டி பெங்களூரில் அடித்து விரட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகளான தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். 2023 மார்ச்சில் காட்சி மாறியது: தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரப்பப்பட்டு, பலர் அஞ்சி ரயிலேறினார்கள். காணொளிகள் பொய் என்று காவல்துறை நிறுவிய பிறகும் அச்சம் உடனே அடங்கவில்லை. தாராவியில் தாத்தா பட்ட இழிவைக் கதையாகக் கேட்டு வளர்ந்த பேரன், இன்று அதே இழிசொல்லை இன்னொருவர் மீது வீசுகிறான் என்றால் அங்கே அரசியல் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

சட்டத்தின் பக்கம் வருவோம். ஒடிசாவில் 'தாதன்' முறையில் தரகர்கள் ஆள் பிடித்துச் சென்ற கொடுமைக்கு எதிராக 1975இல் அம்மாநிலம் ஒரு சட்டம் செய்தது. அதன் வழியில் வந்ததே 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம். ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ இருந்தால் அது பொருந்தியது. ஊரை விட்டு வருவதற்காக மாத ஊதியத்தில் பாதியை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும், அதைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றது. புதிய ஊரில் முதல் மாத அரிசிக்கும் அறை முன்பணத்துக்கும் அந்தத் தொகைதான் ஆதாரம். பல ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு அந்தச் சட்டத்தை விழுங்கியது. தானாக வேலை தேடி வருபவரையும் புலம்பெயர் தொழிலாளியாக ஏற்கிறது என்பதைச் சாதனையாகக் காட்டுகிறார்கள். ஆனால் மாத ஊதியம் 18,000 ரூபாயைத் தாண்டினால் அவர் புலம்பெயர் தொழிலாளி இல்லை. நிறுவனத்தில் அப்படிப்பட்டோர் பத்துப் பேருக்குக் குறைந்தால் அந்தப் பகுதி பொருந்தாது. இடப்பெயர்வுப் படி என்ற சொல்லே காணாமற்போயிற்று.

கேரளம் செய்தது குறைவல்ல. 2010இல் நாட்டிலேயே முதன்முறையாக இவர்களுக்கென நலத்திட்டம் வந்தது. 2017இல் 'ஆவாஸ்' காப்பீடு. எழுத்தறிவு இயக்கத்தின் 'சங்ஙாதி' திட்டத்தில் 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூல். 2019இல் கஞ்சிக்கோட்டில் 'அப்னா கர்' விடுதி, 600க்கும் மேற்பட்ட படுக்கைகளோடு. அரசு ஆவணங்களில் 'அதிதி தொழிலாளி' என்று எழுதுகிறார்கள். மரியாதையான சொல். எனினும் ஒரு குறை உண்டு: விருந்தாளி ஒரு நாள் கிளம்பிவிடுவார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விருந்தாளிக்கு உணவு உண்டு, வீட்டு விவகாரத்தில் வாய் கிடையாது.

வாய் என்றால் வாக்கு. பீகாரில் நடந்த தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் 36 லட்சம் பேர் நிரந்தரமாக இடம் மாறியவர்கள் அல்லது காணப்படாதவர்கள் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. அந்தக் காணப்படாதவர் எங்கே இருக்கிறார்? வேலை இருக்கும் ஊரில் இருக்கிறார். தகர அறையில் ஒப்பந்தம் இல்லாமல் குடியிருக்கிறார். அங்கே பெயர் நீங்கியது, இங்கே பெயர் ஏறவில்லை. இடம் மாறிய வாக்காளருக்கு 8ஆம் படிவம், பட்டியலில் புதிதாகச் சேர்பவருக்கு 6ஆம் படிவம். இரண்டையும் நிரப்பத் தெரிந்த இரண்டு தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை, தொழிலாளர்கள் காய்கறி வாங்க வரும் நேரத்தில், கஞ்சிக்கோட்டுக் கடைவீதியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். வேறு எந்தத் துண்டறிக்கையும் அந்த அளவுக்குப் பயன் தராது. சங்கச் சந்தாவைப் பற்றி முதல் நாளே பேச வேண்டியதில்லை.

ரேஷன் விஷயமும் அப்படியே. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில், ஒரே அட்டையின் பங்கில் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் குடும்பமும் மறு பகுதியை இங்கே இருப்பவரும் வாங்கலாம். இது தெரியாமல் வெளிக் கடையில் விலை கொடுப்பவர்கள் நிறைய. குழந்தையோடு வருபவர்களுக்கு, வயதுச் சான்று இல்லை என்று காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது என்பதும் தெரிவதில்லை.

2024 ஆகஸ்ட் 28 அன்று ஒன்றிய அமைச்சரவை அனுமதித்த தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. புதுசேரியை மையமாகக் கொண்டு 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். 51,000 வேலைகள் உருவாகும் என்று அறிவிப்பு. இவற்றில் பெரும் பங்குக்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பது விவேக் எக்ஸ்பிரசைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'அப்னா கர்' தனியாக வருவோருக்கான படுக்கை விடுதி. மனைவி மக்களோடு வருபவர் அங்கே தங்க முடியாது. தொழிற்சாலைக் கொட்டகைக்கு மனை ஒதுக்கும்போதே குடும்பக் குடியிருப்புக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை, அடித்தளக்கல் நாட்டிய பிறகு எழுப்புவதற்கு உரியதன்று. அதற்கு விவரம் வேண்டும். கஞ்சிக்கோடு, வாளையார், வேலந்தாவளம் பகுதி அங்கன்வாடிகளில் எத்தனை குழந்தைகள், அவர்களில் வீட்டில் இந்தியோ வங்காளமோ ஒடியாவோ பேசுகிறவர்கள் எத்தனை பேர், அறை வாடகை தலைக்கு எவ்வளவு என்ற கணக்கை அந்தந்தக் கிளைகள் அடுத்த கிராமசபைக்கு முன்பாக எடுத்து முடிக்க வேண்டும்.