பேசாத மருமகள்



துருக்மேன் வீடுகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. புது மருமகள், மாமனார் எதிரே வந்தால் தலைத்துணியின் முனையை இழுத்துப் பல்லில் கடித்துக்கொள்வாள். 'யாஷ்மாக்' என்று அதற்குப் பெயர். வாய் மூடியாயிற்று, இனிப் பேச்சில்லை என்று பொருள். அந்த மண்ணில் 1941இல் பிறந்து, வாய் திறந்து பேசுவதையே பிழைப்பாக்கிக்கொண்டு மேடை ஏறியவர் மாயா கோஸெல் ஐமெதோவா. வேடிக்கையைப் பாருங்கள், அவரை ஊரறியச் செய்தது அதிகம் பேசாத ஒரு மருமகள் வேடம்!

1972இல் வந்த 'மருமகள்' படம்தான் அது. இயக்கியவர் அவருடைய கணவர் ஹோஜாகுலி நார்லியேவ். கதை இரண்டே வரி. கரகும் பாலைவனத்தில் ஆடு மேய்க்கும் ஒரு கிழவர், அவருடைய மருமகள். போருக்குப் போன பிள்ளை திரும்பவில்லை, இருவரும் காத்திருக்கிறார்கள். அவன் வரமாட்டான் என்பது இருவருக்கும் உள்ளூரத் தெரியும் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் யார் முதலில் சொல்வது?

அவள் பெயர் ஓகுல்கெயிக். 'ஓகுல்' என்றால் மகன், 'கெயிக்' என்றால் மான். பெண் குழந்தை பிறந்த வீட்டில், அடுத்ததாவது ஆணாகட்டும் என்று அவள் பெயரிலேயே 'ஓகுல்' சேர்த்துவிடுவார்கள். போதும்பொண்ணு என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெயரில் மகனைச் சுமப்பவள். மடியில் பிள்ளை இல்லை. இந்த முரணை வசனமே இல்லாமல் கண்ணில் காட்டியிருக்கிறார் ஐமெதோவா.

இந்தப் படத்துக்காக 1973இல் அவருக்குச் சோவியத் அரசுப் பரிசு. 1976இல் இதே இணையர் எடுத்த படத்தின் தலைப்பே, 'முடியாது என்று சொல்லத் தெரிந்துகொள்'! யாஷ்மாக்கை உதறிய தலைப்பு. 1980இல் 'ஜமாலின் மரம்'. 1982இல் 'சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர்' பட்டம். கலைஞர்களுக்கான பட்டங்களில் அங்கே அதுதான் உச்சம்.

   

இப்போது 'மருமகள்' படத்தைப் பார்க்கப்போகிறோம். வசனத்துக்குக் கைதட்டிப் பழகியவர்கள் நாம். முதல் கால் மணி நேரம் தவிப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வசன எழுத்து ஓடவில்லையே என்று திரையின் கீழே தேடாமல் அந்த முகத்தைப் பாருங்கள். தம்பி, விளக்கை அணைத்துவிடப்பா.